கொட்டிய இடத்தை மட்டும் பார்க்காதீர்கள்: சைக்கிள் பயணத்தில் தேனீ, குளவி, கதண்டு

திருச்சியில் இருந்துகொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல சாலைகளுக்குப் பஞ்சமில்லை. திருவானைக்காவிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை வரை வாழைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஆற்றோரச் சாலை இருக்கிறது. துறையூருக்கு அப்பால் பச்சைமலை இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கொல்லிமலைச் சாலை இருக்கிறது. தெற்கே பனைமரங்கள் வரிசையாக நிற்கும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமச் சாலைகள் இருக்கின்றன. இவற்றிலெல்லாம் பல ஆண்டுகளாக நண்பர்களுடன் ஓட்டி வருகிறேன். எங்களோடு புதிதாகச் சேருகிறவர்கள் நாய்களைப் பற்றிக் கேட்பார்கள், லாரிகளைப் பற்றிக் கேட்பார்கள், பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பூச்சி கொட்டினால் என்ன செய்வது என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் கண்முன்னே ஒரு நண்பரின் உயிருக்கு ஆபத்து வந்தது ஒரே ஒரு தேனீயால்தான்.

அந்த நிகழ்வையும், அதையொட்டி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். பூச்சி கொட்டியவுடன் நாம் எல்லோரும் கொட்டிய இடத்தையே பார்க்கிறோம், அதைத் தேய்க்கிறோம், அதில் எதையாவது தடவுகிறோம், அது எவ்வளவு வீங்குகிறது என்று அளந்துகொண்டிருக்கிறோம். உயிருக்கு ஆபத்தான நிலை பெரும்பாலும் அந்த இடத்தில் தெரிவதில்லை. குரலில், மூச்சில், வயிற்றில், கொட்டாத இடத்துத் தோலில் தெரிகிறது. சாலையில் தனியே நிற்கும் ஒருவருக்கும் அவருடைய துணைவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் எவை கொட்டுகின்றன என்பதைப் பார்ப்போம். நம் பகுதியில் தேனீக்கள் பல வகை. மரப்பொந்திலும் தேனீ வளர்ப்புப் பெட்டியிலும் வாழும் பொந்துத் தேனீ ஒரு வகை. புதர்க் கிளையில் உள்ளங்கை அளவு ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ இன்னொரு வகை. சுவர்ப் பொந்தில் குடியிருக்கும் கொசுத் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. சைக்கிள் ஓட்டுகிறவர் உண்மையில் அஞ்ச வேண்டியது மலைத் தேனீக்குத்தான். பாறை இடுக்கு, பெரிய ஆலமரம், பாலத்தின் அடிப்பகுதி, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம் ஆகியவற்றில் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான ஒற்றை அடையைத் திறந்த வெளியில் தொங்கவிட்டு, அதன் மேல் ஆயிரக்கணக்கில் போர்வையாக மூடி நிற்பவை இவை. பூக்காலத்தை ஒட்டி இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் காலியாக இருந்த பாலத்தில் இந்த மாதம் அடை தொங்கலாம். குளவிகள் தனி. அவற்றில் பெரியதை மதுரை, திண்டுக்கல் பக்கம் கடந்தை என்றும், தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கம் கதண்டு என்றும் சொல்வார்கள்.

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. தோலில் ஏறிய கொடுக்கை அதனால் திரும்ப இழுக்க முடியாது. கொடுக்கும் நஞ்சுப் பையும் நம் உடலில் தங்கிவிட, தேனீ இறந்துவிடும். கையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தால், கொடுக்கின் மேல் முனையில் கடுகைவிடச் சிறிய வெளிர்நிறப் பை ஒன்று தேனீ இல்லாமலேயே துடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தத் துடிப்பு ஒவ்வொன்றும் நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. பெரும்பகுதி நஞ்சு முதல் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். கொடுக்கைப் பிடுங்கக் கூடாது, அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், பிடுங்கினால் பை நசுங்கி நஞ்சு அதிகம் ஏறும் என்று பலரும் சொல்வதுண்டு. 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, சுரண்டினாலும் கிள்ளி எடுத்தாலும் வேறுபாடு இல்லை, எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று காட்டியது. ஆகவே கையுறையைக் கழற்றி, பையைத் திறந்து, அட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நகத்தால் தட்டி எறியுங்கள். குளவிக்கும் கதண்டுக்கும் கொடுக்கு வழவழப்பானது. அவை கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, ஒன்றே பல முறை கொட்டும்.

ஆனால் சைக்கிளில் இருப்பவருக்குக் கொடுக்கை எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கொட்டு விழுந்த கணத்தில் கை தானாக ஹேண்டிலை விட்டு அந்த இடத்துக்குப் போகும். சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். மலையிறக்கத்தில், வளைவுக்கு முன்னால், ஒற்றைக் கையால் முன் பிரேக்கை அழுத்தியபடி கழுத்தைத் தட்டிக்கொள்வது நஞ்சைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. வலிக்கட்டும், முதலில் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டி, கால் தரையில் ஊன்றிய பிறகு கையை எடுப்பது என்பதை வீட்டுத் தெருவில் ஓட்டும்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். என் தலைக்கவசத்துக்குள் ஒரு குளவி புகுந்தது கல்லணைச் சாலையின் ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில். நெற்றிக்கு மேலே உள்ள காற்றுத் துளை வழியே வந்த அது, முடிக்கும் நுரைப்பட்டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டு சிறகடிக்கும் ஓசை காதுக்குள்ளேயே கேட்டது. நின்று, தாடைப்பட்டையை அவிழ்த்து, தலைக்கவசத்தை முன்புறமாகக் கவிழ்த்ததும் அது பறந்துபோனது. கொட்டவில்லை. மேலிருந்து தட்டியிருந்தால் நிச்சயம் கொட்டியிருக்கும்.

அதற்குப் பிறகு தலைக்கவசத்துக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணித் தொப்பி இல்லாமல் நான் வண்டி எடுப்பதில்லை. ஜெர்சியின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். திறந்த கழுத்துப்பட்டை காற்றோடு பூச்சியையும் அள்ளி மார்புக்குள் போட்டுவிடுகிறது. ஏற்றத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைத் தவிர்க்க முடியாது என்பதை அறிவேன். எனினும் தேனீக்கள் பறக்கும் தோப்போரங்களில் உதட்டைக் குறுக்கி மூச்சு விடப் பழகுவது நல்லது, ஏனெனில் நாக்கிலோ தொண்டையிலோ விழும் ஒரு கொட்டு, ஒவ்வாமை எதுவும் இல்லாதவருக்குக்கூட வீக்கத்தினாலேயே மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும். அப்படி வாய்க்குள் கொட்டிவிட்டால் ஐஸ் கிடைத்தால் வாயில் அடக்கிக்கொண்டு, வலி குறைகிறதா என்று காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரும்புச்சாறு, பதநீர், இளநீர் விற்கும் இடங்களில் நாம் ஓய்வெடுப்பதும் வழக்கம். அங்கே தேனீயும் குளவியும் மொய்ப்பதும் வழக்கம். குடிப்பதற்கு முன் கோப்பைக்குள் பார்க்க வேண்டும். இனிப்பு நீர் நிரப்பிய புட்டியின் வாயை மூடி வைக்க வேண்டும்.

கண்ணில் கொட்டினால் தேய்க்காமல், நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கருவிழியில் தங்கிய கொடுக்கை வழியில் நிற்கும் எவரும் எடுக்க முயலக் கூடாது.

கூட்டமாகத் தேனீக்கள் தாக்குவது வேறு கதை. மலைத் தேனீக்கள் காரணமின்றிக் கிளம்புவதில்லை. தேன்பருந்து அடையைக் கொத்தியிருக்கும், யாராவது கல்லெறிந்திருப்பார்கள், அல்லது கீழிருந்து புகை போயிருக்கும். நம் ஊர்களில் இந்தப் புகைக்குத் தனி வரலாறே இருக்கிறது. குலதெய்வக் கோயில்கள் பெரும்பாலும் பெரிய ஆலமரத்தடியிலோ அரசமரத்தடியிலோ இருக்கின்றன. அந்த மரங்களின் உச்சிக் கிளையில் அடை தொங்குகிறது. கீழே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள், வெடி வெடிக்கிறார்கள். பக்தர்களைத் தேனீக்கள் விரட்டிக் கொட்டிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அதனால் ஆடி மாதத்திலும் பங்குனியிலும் மரத்தடிக் கோயிலில் கூட்டமும் புகையும் தெரிந்தால், நான் தூரத்திலேயே நின்று மரத்தின் உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் கடக்கிறேன். பஞ்சர் ஒட்ட நிழல் தேடும்போதும், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுக்கும்போதும் இதே பழக்கம் வேண்டும். சைக்கிளை நிறுத்துவதற்கு முன் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

தேனீ ஒன்று கொட்டியதும் கொடுக்குள்ள இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. ஐசோபென்டைல் அசிடேட் என்பது அதன் முக்கியமான வேதிப்பொருள். கூட்டில் உள்ள மற்றவற்றுக்கு அதுதான் ‘இங்கே தாக்கு’ என்னும் அழைப்பு. கனிந்த வாழைப்பழத்தின் மணத்திலும் இதே வகைப் பொருள் உண்டு. சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முதன்மை உணவு வாழைப்பழம் என்பதால் இதைச் சொல்கிறேன். அடை தொங்கும் இடத்துக்கு அருகில் நின்று பழத்தை உரிப்பதைத் தவிர்ப்பது அறிவுடைமை. தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியைத் திறக்கும் முன் வாழைப்பழம் சாப்பிடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஒரு கொட்டு விழுந்தால் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அடித்துக் கொன்றால் வாசனை இன்னும் கூடும்.

தேனீ மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். சமதளத்திலோ இறக்கத்திலோ இருந்தால் சைக்கிளை விடாமல் தலையைக் குனிந்தபடி ஓட்டிக்கொண்டே போய்விடலாம். மலைத் தேனீக்கள் நெடுந்தூரம் விரட்டும் என்பதால், நூறு அடி போனதும் நின்று திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது தாக்கினால் சைக்கிள் நம்மைக் காப்பாற்றாது. அதைக் கீழே போட்டுவிட்டு, துண்டையோ ஜெர்சியையோ தூக்கி முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓட வேண்டும். வருகிற பேருந்தை, காரை, லாரியை மறித்து ஏறிக் கதவை அடைத்துக்கொள்வதே சிறந்த பாதுகாப்பு. கிணற்றிலோ குளத்திலோ குதிப்பதில் பயனில்லை. தலை தூக்கும் வரை அவை மேலேயே சுற்றும், நீச்சல் தெரிந்தவருக்கும் அது ஆபத்து. தேனீக்கள் கறுப்பு நிறத்தையும் முகத்தையும் மூச்சுக்காற்றையும் குறிவைக்கின்றன. வெளிர்நிற ஜெர்சி அணிவது வெயிலுக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

இனி அந்தக் கொல்லிமலை நிகழ்வு. காலை வெயில் ஏறுவதற்குள் பாதி வளைவுகளைக் கடந்துவிட வேண்டும் என்று காரவள்ளியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். நண்பருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களில் நன்றாக ஏறக்கூடியவர். ஒரு வளைவில் நின்று தண்ணீர் குடிக்கும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒரு தேனீ கொட்டியது. கொடுக்கை உடனே தட்டிவிட்டார். கொட்டிய இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அங்கே மிளகு மூட்டைகளோடு வண்டிக்காகக் காத்திருந்த பெரியம்மா ஒருவர் தம் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவ வந்தார். நண்பர் சிரித்துக்கொண்டே, “வேண்டாம்மா, சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஏறத்தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் உள்ளங்கை அரிக்கிறது என்றார். கையுறையால் வந்த அரிப்பு என்று நினைத்தோம். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றுகிறது என்றார். ஏற்றத்தில் எவருக்கும் தலை சுற்றும். இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேலே தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் மறுபடி பேசியபோது குரல் கம்மி, வேறு ஆள் பேசுவதுபோல் இருந்தது.

இதைத்தான் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். கடும் ஒவ்வாமையின் தொடக்க அறிகுறிகளாகிய முகச் சிவப்பு, படபடப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், குமட்டல் ஆகிய அத்தனையும் கடினமான ஏற்றத்தின் அறிகுறிகளாகவும் இருக்கின்றன. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இவை வந்தால் உடனே தெரிந்துவிடும். வண்டி ஓட்டுகிறவர் உழைப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு மேலும் மிதிப்பார். உடல் உழைப்பே ஒவ்வாமையைத் தூண்டிக் கடுமையாக்கவும் கூடும் என்பது மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்று. ஆகவே கொட்டு விழுந்தால், வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், சைக்கிளைவிட்டு இறங்கி, நிழலில் குறைந்தது அரை மணி நேரம் உட்கார வேண்டும். மூச்சும் நாடியும் இயல்புக்கு இறங்கிய பிறகும் மேலே சொன்ன எதுவும் நீடித்தால் அது ஏற்றத்தின் களைப்பு அல்ல. தனியாக ஓட்டுகிறவர் அந்த அரை மணி நேரத்தில் வீட்டுக்கோ நண்பருக்கோ பேசி, இருக்கும் இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும்.

கால அவகாசம் மிகக் குறைவு. பிரிட்டனில் கடும் ஒவ்வாமை இறப்புகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பூச்சிக் கொட்டினால் இறந்தவர்களுக்கு இதயமோ மூச்சோ நிற்க எடுத்த நேரத்தின் நடுவளவு 15 நிமிடம்தான், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள்ளேயே நின்றுவிட்டது. இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் வரை, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடுகிறார்கள். நம்மில் பலர் பையில் வைத்திருக்கும் செட்ரிசின் மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையோ இரத்த அழுத்த வீழ்ச்சியையோ அது தடுக்காது, வேலை செய்யவும் நேரம் பிடிக்கும். மாத்திரை போட்டாயிற்று என்று காத்திருப்பது மிகப் பெரிய அபாயம். தாமே குத்திக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் சாதாரண அட்ரினலின் ஆம்பூல் விலை குறைந்த, அவசரத் தேவைக்கென மருத்துவமனைகளில் வைத்திருக்கும் மருந்து. எனவே நாம் செய்யக்கூடியது, அந்த ஊசி இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்கு மிக விரைவாகப் போய்ச் சேர்வதுதான்.

நண்பரைச் சாலையோரத்திலேயே படுக்கவைத்து, கால்களை ஒரு பையின் மேல் உயர்த்தி வைத்தோம். எழுந்து உட்காருகிறேன் என்று அவர் சொன்னபோது உட்காரவிடவில்லை. இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் ஒருவரைத் திடீரென நிமிர்த்தினால் இதயமே நின்றுவிடக்கூடும். மூச்சுத் திணறல் மட்டும் அதிகமாக இருந்தால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் நிற்கவோ நடக்கவோ கூடாது. ஒருவர் 108-ஐ அழைத்தார். எந்த இடம் என்று கேட்டார்கள். அந்தச் சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதியிருப்பது அப்போது எவ்வளவு பெரிய உதவி என்று புரிந்தது. வளைவின் எண்ணைச் சொன்னோம், மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. எண் இல்லாத சாலைகளில் கிலோமீட்டர் கல்லையும் கடைசியாகக் கடந்த ஊரின் பெயரையும் கவனித்துக்கொண்டே ஓட்டுகிறேன். ஆம்புலன்ஸ் மலையேறி வரும் வரை காத்திருப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், அன்னாசிப்பழம் ஏற்றிய சிறு சரக்கு வண்டி கீழிறங்கி வந்தது. ஓட்டுநர் இளைஞர். நிலைமையைச் சொன்னதும், “ஏத்துங்கண்ணே, பழம் கெடக்கட்டும்” என்று தார்ப்பாயை விரித்தார். அவரே பழங்களை ஒதுக்கி இடம் செய்தார். நண்பரைப் படுத்த நிலையிலேயே கொண்டுபோனோம். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து சேர்ந்தது. அதில் இருந்த மருத்துவ உதவியாளர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுத் தொடையில் ஊசியைப் போட்டார். சில நிமிடங்களில் நண்பருடைய குரல் திரும்பியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அன்று மாலை வரை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அவருக்கு முழுவதும் சரியாகிவிட்டதுபோல் தோன்றியபோதும் விடவில்லை, ஏனெனில் சில மணி நேரம் கழித்து, இரண்டாவது கொட்டு இல்லாமலேயே, அறிகுறிகள் மறுபடியும் எழக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒவ்வாமை கடுமையாகவும், அட்ரினலின் சரியாக வேலை செய்யாமலும் போகலாம். நாற்பதைக் கடந்து உடல்நலத்துக்காகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்கள் பலர் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் ஒரு முறை இதைப் பற்றிப் பேச வேண்டும். எங்களோடு ஓட்டுகிறவர்கள் இப்போது தம் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், வீட்டு எண் ஆகியவற்றை எழுதிய தாளை, நனையாத உறையில் இட்டு, சைக்கிள் இருக்கைக்கு அடியிலுள்ள பையில் வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலான கொட்டுகளுக்கு இவ்வளவும் தேவைப்படாது. கொட்டிய இடத்தைச் சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வைத்தால் வலி அடங்கும். கையில் கொட்டினால் மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பிறகு மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அரிப்புக்கு ஒரு செட்ரிசின், வலிக்கு ஒரு பாராசிட்டமால் போதும். சிலருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீக்கம் பெருகி, முழங்கை வரை சிவந்து போகும். சீழ் பிடித்துவிட்டது என்று அஞ்சி நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரண்டு நாள் கூடிப் பிறகு ஒரு வாரத்தில் வடிவது இந்த வகை வீக்கத்தின் இயல்பு. காய்ச்சல் வந்தாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோதான் கிருமித் தொற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றையொன்று முறித்துவிடும் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே நம் மனத்தில் இருக்கும் கணக்கு. தேனீ நஞ்சின் வேலையைச் செய்பவை மெலிட்டின், பாஸ்போலிப்பேஸ் போன்ற புரதப் பொருள்கள். அவை தோலுக்கு அடியில் இறங்கிவிட்டன, மேலே தடவும் எதுவும் அவற்றை எட்டுவதில்லை. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடவும் கூடும், கண்ணருகே தடவுவது மிகவும் தவறு. மண்ணெண்ணெயும் வேண்டாம். வெங்காயத்தைத் தேய்ப்பதால் கேடு இல்லை. அன்பால் தடவ வருகிற பெரியவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. “தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் ஆத்தா” என்று கேட்டுக்கொள்கிறேன், அதை மகிழ்ச்சியோடு செய்கிறார்கள்.

கதண்டு விஷயத்தில் ஒவ்வாமை இல்லாதவருக்கும் ஆபத்து உண்டு. பனை உச்சியிலும் தென்னையிலும் பாழடைந்த கட்டடங்களிலும் காகிதம் போன்ற கூடு கட்டி வாழும் இவை, கிளம்பினால் பத்து இருபதாகக் கொட்டும். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கதண்டு கடித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் புதியவை அல்ல. பல கொட்டுகள் விழுந்தால் நஞ்சே தசைகளைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். வலி குறைந்து வீட்டுக்கு வந்த பிறகும், அன்றோ மறுநாளோ சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால், அல்லது குறைந்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. சாலையோரப் பனையில் கூடு இருப்பதைக் கண்டால் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லலாம். அவர்கள் வந்து அழிக்கிறார்கள். நமக்கு அது ஒரு நிமிட வேலை. அந்த மரத்தடியில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் அது உயிர்க் காப்பு.

மழைக்காலத்தில் வேறு தொல்லைகள் வருகின்றன. மாலையில் விளக்கைப் போட்டால் ஈசலும் சிறு பூச்சிகளும் நேரே கண்ணுக்குள் வரும். நிறமில்லாத கண்ணாடி ஒன்று அவசியம். விளக்கைத் தேடி வரும் பூச்சிகளில் எறும்பைப் போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் ஒரு சிறு வண்டு உண்டு. அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊர்வதைக் கையால் நசுக்கித் தேய்த்தால் அதன் உடலிலுள்ள நஞ்சு தோலில் பட்டு, ஒரு நாள் கழித்துத் தீக்காயம்போல் நீளமாகக் கொப்பளிக்கும். நசுக்காமல் ஊதிவிட வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையைக் கண்ணில் வைக்கக் கூடாது.

இன்னொன்று, கடித்ததே தெரியாமல் கடிப்பது. புதரோரப் புல்லில் சாய்ந்து ஓய்வெடுப்பதில் உள்ள சுகம் எனக்கும் தெரியும். அந்தப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிக் குஞ்சுகள் இருக்கலாம். அவை பரப்பும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில், குறிப்பாக மழையும் குளிரும் உள்ள மாதங்களில், ஆண்டுதோறும் காணப்படுகிறது. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால், அதைப் பயணத்தோடு எவரும் சேர்த்து நினைப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அதுவே முக்கியத் தடயம்; ஆனால் எல்லோருக்கும் அது இருப்பதில்லை. டாக்சிசைக்ளின் மாத்திரையால் எளிதில் குணமாகும் நோய் இது, காலம் தாழ்ந்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஆகவே தரையில் ஒரு விரிப்பைப் போட்டு உட்காருங்கள், வீடு திரும்பியதும் உடைகளைக் கழற்றிச் சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்த மலைக்குப் போனேன், எந்தப் புதரோரம் உட்கார்ந்தேன் என்பதை நீங்களே சொல்லுங்கள்.